பழைய காரை ஓட்டும் நாம், ஒரு பியூஸைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டாமா?



சற்று நீண்ட பதிவு. பழைய கார், வேன் வைத்திருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். வைத்திருக்காதவர்கள், வைத்திருக்கும் ஒரு மச்சானுக்கோ மாமாவுக்கோ அனுப்பிவிடுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். கிட்டத்தட்ட ஐந்து வருடம். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால், சம்பளத்தில் வாழும் நமக்கு அது பார்த்துவிட்டுப் போகும் சாமான்தான். ஆகவே நமது ஊர்களில் இன்றும் ஓடுவது மாருதி 800, நிசான் சனி, பழைய கொரோலா, லான்சர், டொல்பின் வேன். இருபத்தைந்து, முப்பது வயது. சிலது அதற்கும் மேல்.

இந்த வாகனங்களுக்கு நாம் பெயின்ட் அடிக்கிறோம், சீட் கவர் மாற்றுகிறோம், எஞ்ஜினைக் கூட இறக்கி ஏற்றுகிறோம். ஆனால் உள்ளே ஓடும் வயர் அதே முப்பது வருட வயர்தான். வயரின் மேல்தோல் காய்ந்து வெடிக்கிறது. கனெக்டர்களில் பச்சை பூக்கிறது. போதாததற்கு, முன்னைய நாலு உரிமையாளர்களும் ஆளுக்கொன்றாகப் பூட்டிய அலாரம், செட், பொக் லைட் எல்லாவற்றினதும் ஒட்டுக்கள் டேப் சுற்றிய நிலையில் டேஷ்போர்டுக்குக் கீழே தொங்குகின்றன. பழைய கார் நடுவழியில் நின்றால், அதற்கு எஞ்ஜின் காரணமாக இருப்பதைவிட கரண்ட் காரணமாக இருப்பதே அநேகம்.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டு வாசலில் வரும் மின் கோளாறுகளில் பெரும்பாலானவை ஐந்தாறு வகைக்குள் அடங்கும். அவற்றைத் திருத்தாவிட்டாலும், எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வீட்டுக்காரரின் வேலை. டயர் மாற்றுவதைப் போல. அது தெரியாமல் பழைய கார் வைத்திருப்பது காசுக்கு நட்டம், உயிருக்கு ஆபத்து, அத்தோடு ஊரில் அநியாயமாக ஒருவர் மீது பழி போடுவதற்கும் வழி.

கடைசியாகச் சொன்னது கொஞ்சம் கூடுதலாகத் தோன்றலாம். விளக்குகிறோம.

எங்களோடு படிப்பிக்கும் ஒரு சேர். அவருடைய காரில் திங்கட்கிழமை காலையில் மட்டும் செல்ப் அடிக்காது. செவ்வாய் முதல் வெள்ளி வரை பிரச்சினை இல்லை. பற்றரி போய்விட்டது என்று புதிதாக வாங்கினார். இரண்டு மாதத்தில் மீண்டும் அதே திங்கட்கிழமை. கடையில் கதைத்து, வாரன்டியில் இன்னொன்று எடுத்தார். அதுவும் அப்படித்தான். இடைவேளையில் தேநீர் குடிக்கும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அந்த ஆள் பழைய பற்றரியைக் கழுவி ஸ்டிக்கர் ஒட்டித் தந்திருக்கான்."

ஒரு சனிக்கிழமை நாலைந்து பேர் சேர்ந்து பார்த்தோம். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பற்றரியின் மைனஸ் முனைக்கும் இடையில் ஒரு சிறிய 12 வோல்ட் பல்பைப் பிடித்தோம். எல்லாம் அணைந்திருக்கும் காரில் அந்த பல்ப் எரியக் கூடாது. எரிந்தது, மங்கலாக. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் சொருகிக்கொண்டு வந்தோம். உள் லைட்டுக்குரிய பியூஸைக் கழற்றியதும் பல்ப் அணைந்தது. அந்த லைனில் என்னென்ன இருக்கிறது என்று தேடினால், டிக்கிக்குள் ஒரு சின்ன லைட். மூடியபோதும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. மூடி வந்து அழுத்த வேண்டிய சுவிட்ச் உள்ளே இறுகிப் போயிருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 5 வொட் பல்ப், 12 வோல்ட். 5 ஐ 12 ஆல் வகுத்தால் 0.4 அம்பியர் சொச்சம். ஒரு நாளைக்கு 24 மணித்தியாலம், கிட்டத்தட்ட 10 அம்பியர்-மணி. அவருடைய பற்றரி 35 அம்பியர்-மணி. கிழமை நாட்களில் இரவில் ஐந்தாறு போனாலும் பகலில் ஓடும்போது ஓரளவு ஏறிவிடும். வெள்ளி பின்னேரம் நிறுத்திய கார் திங்கள் காலை வரை கிட்டத்தட்ட 60 மணித்தியாலம் நிற்கிறது: 25 அம்பியர்-மணி போய்விட்டது. மிச்சம் 10 இல் ஸ்டார்ட்டர் சுற்றாது. இப்படி அடிக்கடி வற்றினால் எந்தப் புதிய பற்றரியும் சீக்கிரம் செத்துவிடும்.

திங்கட்கிழமையின் மர்மம் அவ்வளவுதான். ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் செய்யக்கூடிய வகுத்தல், பெருக்கல்.

ஆனால் அந்தக் கடைக்காரரின் பெயர்? மூன்று மாதமாக எங்கள் ஓய்வறையில் அவர் கள்ளன். அங்கே போக வேண்டாம் என்று எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? அந்த சேர் நல்ல மனிதர், தானே கடைக்குப் போய் விசயத்தைச் சொல்லி மாப்புக் கேட்டு வந்தார். எல்லோரும் அப்படிப் போவதில்லை. நமக்கு விளங்காத ஒன்றில் நட்டம் வரும்போது மனம் உடனே ஒரு ஆளைத் தேடுகிறது. பாஸ் ஏமாற்றினார், கடைக்காரர் ஏமாற்றினார் என்கிறோம். ஏமாற்றுபவர்கள் இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறார்கள். ஆனால் யார் ஏமாற்றுகிறார், யார் நேர்மையாக வேலை செய்கிறார் என்று பிரித்தறிய நமக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனுக்கு இருவரும் ஒன்றுதான்.

சரி, என்னதான் தெரிந்திருக்க வேண்டும்? பெரிய பட்டியல் இல்லை. ஒரு டெஸ்ட் லைட் (12 வோல்ட் பல்ப், இரண்டு துண்டு வயர், ஒரு முதலைக் கிளிப்), ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 ஆம் நம்பர் ஸ்பெனர், சாண்ட் பேப்பர், மேலதிகமாகக் கொஞ்சம் பியூஸ். இவ்வளவும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கும்.

*1. மூன்று இலக்கங்களை மனப்பாடம் செய்யுங்கள்*

இரவு முழுக்க நின்ற காரில், காலையில் பற்றரியின் இரு முனையிலும் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12 க்குக் கீழே என்றால் வற்றிவிட்டது.

எஞ்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. எஞ்ஜின் ஓடியும் 12 சொச்சத்தில் நின்றால் ஓல்டனேட்டர் சார்ஜ் பண்ணவில்லை. முதலில் அதன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 15 ஐத் தாண்டினால் ரெகியுலேட்டர் பழுது. பற்றரித் தண்ணி கொதித்து வற்றும், பல்புகள் அடிக்கடி போகும்.

செல்ப் அடிக்கும் நேரத்தில் 9.6 க்குக் கீழே இறங்கக் கூடாது. 12.6 காட்டிய பற்றரி செல்ப் அடிக்கும்போது 7 க்கு விழுந்தால், அது உள்ளே முடிந்த பற்றரி.

இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், பற்றரியா ஓல்டனேட்டரா என்ற வாதமே வராது.

இன்னொன்று: சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னர், டேஷ்போர்டில் சிவப்புப் பற்றரி லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். பல பழைய கார்களில் அந்தச் சின்ன பல்ப் வழியாகப் போகும் கரண்டில்தான் ஓல்டனேட்டர் விழிக்கிறது. பல்ப் போனால் சார்ஜும் போகலாம்.

*2. செல்ப் அடிக்கவில்லையா? காது கொடுத்துக் கேளுங்கள்*

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள்.

டக்டக்டக்டக் என்று வேகமாகச் சத்தம் வந்து, லைட் மங்கினால்: பற்றரி வற்றியிருக்கிறது, அல்லது டேர்மினல் பிடிப்பில்லை. புது பற்றரிக்கு ஓடும் முன் டேர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அதுதான்.

ஒரே ஒரு "டக்", லைட் அவ்வளவாக மங்கவில்லை: ஸ்டார்ட்டர் பக்கம். பாஸிடம் போக வேண்டியது.

சத்தமே இல்லை, லைட் பிரகாசமாக எரிகிறது: சாவி சுவிட்ச், அல்லது ஸ்டார்ட்டருக்குப் போகும் மெல்லிய வயர். ஒட்டோ கியர் என்றால் நியூட்ரலில் போட்டு ஒருமுறை முயற்சி செய்யுங்கள்.

டேர்மினலில் வெள்ளை, பச்சைப் பூ பூத்திருந்தால் சுடுதண்ணியில் அப்பச்சோடா கரைத்துப் பழைய பிரஷ்ஷால் கழுவி, காயவிட்டு, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலீன் பூசுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், பூட்டும்போது கடைசியில் மைனஸ். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. மைனஸ் பூட்டியிருக்கும்போது பிளஸைக் கழற்றப் போய் ஸ்பெனர் பொடியில் பட்டால், அந்த ஸ்பெனரே வெல்டிங் கம்பியாகிவிடும். மோதிரம், வளையல், இரும்புப் பட்டி மணிக்கூடு எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள். பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும், பக்கத்தில் சிகரெட், நெருப்புக் கூடாது.

*3. பியூஸ்: சின்ன விசயம், பெரிய ஆபத்து*

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சாமான்கள் வேலை செய்யவில்லை என்றால் (ஹோர்னும் பிரேக் லைட்டும், அல்லது வைப்பரும் வோஷரும்) முதலில் பியூஸ். மூடியின் உட்பக்கத்தில் எது எதற்கு என்று எழுதியிருக்கும். தட்டைப் பியூஸ்களுக்கு நிறமே இலக்கம்: சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. கழற்றிய இடத்தில் அதே நிறத்தைத்தான் போட வேண்டும்.

புதிதாகப் போட்டதும் உடனே எரிந்து போனால், அந்த வயர் எங்கோ பொடியில் தொடுகிறது என்று அர்த்தம். இங்கேதான் நம்மவர்கள் செய்யும் மகா மோசமான வேலை: சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவது, அல்லது வயர் இழையை முறுக்கிச் சொருகுவது. "தற்காலிகமாக" என்பார்கள், பிறகு அது வருடக் கணக்கில் அங்கேயே கிடக்கும்.

பியூஸ் என்பது முதலில் எரிவதற்காகவே வைக்கப்பட்ட சாமான். அது எரியாவிட்டால் வயர் எரியும். வயர் ஓடுவது நாம் பிள்ளைகளை உட்கார வைக்கும் சீட்டுக்குக் கீழாலும், பெட்ரோல் லைனுக்குப் பக்கத்தாலும். இன்று இதை வாசித்து முடித்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: உங்கள் பியூஸ் பெட்டியைத் திறந்து, ஈயத்தாளோ வயர் இழையோ இருக்கிறதா என்று பாருங்கள். நமது பாடசாலை வளவில் நிற்கும் கார்களில் பார்த்தபோது ஒன்றுக்கு மேல் கண்டோம்.

*4. எர்த்: கரையோர ஊர்களின் நோய்*

காரில் ஒவ்வொரு பல்புக்கும் பிளஸ் வயர் வரும். திரும்பிப் போகும் வழி பொடிதான். அந்த வழி துருப்பிடித்தால் கரண்ட் வேறு வழி தேடும். அதனால்தான் பிரேக்கை மிதித்தால் சிக்னல் மங்கலாக மினுங்கும், ஹெட்லைட் போட்டால் ஹோர்ன் கம்மும் போன்ற விசித்திரங்கள். பேய் பிடித்த கார் என்று சிரிப்போம். பேயும் இல்லை ஒன்றும் இல்லை, எர்த் இல்லை.

கிழக்கிலும் புத்தளம், மன்னார் பக்கமும் கடற்காற்று படும் ஊர்களில் இது கூட. மங்கலாக எரியும் லைட்டின் எர்த் முனையிலிருந்து பற்றரி மைனஸுக்கு ஒரு துண்டு வயரை நேரடியாகப் பிடித்துப் பாருங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். எர்த் ஆணியைக் கழற்றி, சாண்ட் பேப்பரால் இரும்பு மினுங்கும் வரை தேய்த்து, இறுக்கி, கிரீஸ் பூசுங்கள். செலவு ஒன்றுமில்லை.

இங்கே மீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. துருப்பிடித்த கனெக்டரில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும், ஆனால் லைட் எரியாது. ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. ஒரு நூல் அளவு தொடுகை இருந்தாலும் அதற்குப் போதும். டெஸ்ட் லைட் கரண்ட் இழுக்கும், ஆகவே பிடிப்பில்லாத இடத்தில் அது எரியாது. விலை கூடிய மீட்டர் மறைத்ததை மலிவான பல்ப் காட்டிக்கொடுக்கும்.

*5. சிக்னல்*

ஒரு பக்கம் மட்டும் வேகமாக மினுங்கினால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போய்விட்டது. பிளாஷரை மாற்ற ஓட வேண்டாம். இரண்டு பக்கமும் இல்லை, ஆனால் ஹசார்ட் வேலை செய்கிறது என்றால் பல்பும் வயரும் நல்லது, சிக்னலுக்குரிய பியூஸையும் ஹசார்ட் சுவிட்சையும் பாருங்கள். ஹசார்ட் சுவிட்சைப் பத்துத் தடவை அழுத்தி எடுத்தாலே சில நேரம் சரிவரும். பல பழைய கார்களில் சிக்னல் கரண்ட் அதன் ஊடாகத்தான் போகிறது.

*தொடக் கூடாதவை*

எயார்பேக் உள்ள கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் நிற கனெக்டர்கள் இருக்கும். அவற்றில் டெஸ்ட் லைட் வைக்க வேண்டாம். எஞ்ஜின் கம்பியூட்டரின் வயர்களிலும் வேண்டாம். ஹைபிரிட் வாகனங்களின் செம்மஞ்சள் நிற கேபிள்கள் பக்கமே போக வேண்டாம். அது 12 வோல்ட் அல்ல, நூற்றுக்கணக்கான வோல்ட், ஆளைக் கொல்லும். மீட்டரை அம்பியர் அளவில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பவும் வேண்டாம். ஸ்டார்ட்டர் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் புகைந்துவிடும்.

இனி, வரக்கூடிய இரண்டு மறுப்புகளுக்கு வருகிறோம்.

"அப்படியென்றால் வயரிங் பாஸ்மாரின் பிழைப்பில் மண் போடச் சொல்கிறீர்களா?" இல்லை. நல்ல வயரிங் பாஸ் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருடைய நாளைத் தின்பது வேலை அல்ல, தேடல். "லைட் வேலை செய்யுதில்ல, பாருங்க பாஸ்" என்று சாவியை எறிந்துவிட்டுப் போகிறோம். அவர் மூன்று மணித்தியாலம் டேஷ்போர்டுக்குக் கீழே படுத்துத் தேடிப் பத்து நிமிடத்தில் திருத்துகிறார். நாம் அந்தப் பத்து நிமிடத்துக்குக் காசு கொடுக்க முகம் சுளிக்கிறோம். "பாஸ், எஞ்ஜின் ஓடும்போதும் 12.3 தான் நிற்கிறது, பெல்ட் இறுக்கமாக இருக்கு" என்று சொல்லிக் கொடுத்தால் அவருக்கும் நேரம் மிச்சம், நமக்கும் கூலியின் நியாயம் விளங்கும். அறிவுள்ள வாடிக்கையாளரை வெறுப்பது நேர்மையற்ற தொழிலாளி மட்டும்தான்.

"சேர், எங்களுக்கு இதுக்கெல்லாம் நேரம் எங்க?" 2022 ஐ நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் வரிசையில் இரவு பகலாக நின்றோம். பெட்ரோல் இல்லாமல் வாரக் கணக்கில் கார்கள் வாசலில் கிடந்தன. கியூ.ஆர். கோட் வந்து பெட்ரோல் கிடைத்தபோது எத்தனை வீட்டில் பற்றரி செத்துக் கிடந்தது! நிறுத்திய அன்றே மைனஸ் வயரைக் கழற்றி வைத்திருந்தால் பலது பிழைத்திருக்கும். ஒரு ஸ்பெனர், ஒரு நிமிடம். நேரம் இல்லாமல் அல்ல, தெரியாமல்தான் இழந்தோம்.

ஆசிரியர்கள் என்ற வகையில் இறுதியாக ஒன்று. சாதாரண தர விஞ்ஞானத்தில் ஓமின் விதி படிப்பிக்கிறோம். அம்பியர்மானியைத் தொடராகவும் வோல்ற்றுமானியைச் சமாந்தரமாகவும் இணைக்க வேண்டும் என்று பிள்ளை பாடமாக்கி எழுதிப் புள்ளி எடுக்கிறது. உயர்தரத்தில் 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. ஆனால் அதே பிள்ளையின் வாப்பா காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணும்போது, விஞ்ஞானத்தில் ஏ எடுத்த அந்தப் பிள்ளை பின்னால் நின்று தள்ளுகிறது. படித்ததற்கும் வாசலில் நிற்கும் காருக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் அதற்குச் சொல்லவில்லை. டிக்கி லைட்டின் கணக்கை விடச் சிறந்த ஓர் உதாரணம் எந்தப் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது? செய்முறைக்கு ஒரு பழைய பற்றரி, நாலு பல்ப், ஒரு பியூஸ் பெட்டி போதும். கராஜில் கேட்டால் சும்மா தருவார்கள்.

இதை ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்துவிடவும் வேண்டாம். இன்று எத்தனை டீச்சர்மார் தாங்களே ஓட்டிப் பாடசாலைக்கு வருகிறார்கள். மஃரிபுக்குப் பிறகு, பிள்ளைகளோடு, ஆளில்லாத இடத்தில் கார் நின்றால், போனில் யாரையாவது தேடுவதற்கு முன்னர் பொனட்டைத் திறந்து டேர்மினலை அசைத்துப் பார்க்கத் தெரிந்த ஒரு தாய்க்கு அந்த இரவு வேறு மாதிரி இருக்கும்.

வரும் சனிக்கிழமை உங்கள் காரில் மூன்று இலக்கங்களையும் எடுத்து, திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பக்கத்தில் உங்கள் மகனையோ மகளையோ வைத்துக்கொண்டு செய்யுங்கள். எடுத்த இலக்கங்களைக் கீழே எழுதுங்கள், விளங்காததைக் கேளுங்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள். பாஸ்மார் யாராவது வாசித்தால், நாம் சொன்னதில் திருத்தம் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், எல்லோரும் சேர்ந்து படிப்போம்.

ஈயத்தாளை மறக்க வேண்டாம். அதை இன்றைக்கே பாருங்கள்.